அப்பாவின் வலது தோள்

பந்து வீசும் பையனைக் கையை மெல்ல இறக்கச் சொன்னேன். அவனுடைய தோள்பட்டை எலும்பு முதுகில் புடைத்துக்கொண்டு வந்தது. சுற்றி நின்ற என் பிசியோதெரபி மாணவர்கள் யாருக்கும் அந்த அசைவு பிடிபடவில்லை. சட்டையைக் கழற்றி நானே செய்து காட்டினேன்.

"அப்படியே இருக்கே! எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்றாள் ஒரு மாணவி.

ஆம்பூரில், எழுபதுகளில். தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோலை வலது தோளிலேயே சுமந்து சுமந்து அப்பாவுக்கு அந்த எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒருநாள் தெருப் பையன்களைச் சிரிக்கவைக்க, வெற்றுடம்போடு அவரைப்போல் நடந்து காட்டினேன்.

"இன்னொரு வாட்டி காட்றா!"

காட்டினேன். திரும்பினால், டேனரிச் சுண்ணாம்பு வாடையோடு அப்பா நின்றிருந்தார்.

அடிக்கவில்லை. "சோறு ஆறுது, வா" என்றார். அதன்பின் சித்திரை வெயிலில்கூட அவர் வீட்டில் சட்டையைக் கழற்றியதில்லை.

மாணவி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.