முள் இல்லாத தூண்டில்

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்கள் ஊரான வங்காலைக்குத் திரும்பி வந்த இரண்டாம் வருசம், கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு வண்டு கட்டப் பழக்கினார்கள். எங்களுடையது மீன்பிடிக்கிற ஊர். இரைக்கு இறால் தெரியும், கணவாய் தெரியும். வண்டைப் போட்டு மீன் பிடிப்பதை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதுவும் பொய் வண்டு. தூண்டில் கொக்கியில் மயிலிறகு நாரைச் சுற்றி, மேலே கறுப்பு றப்பர்த் தாளை மடித்துக் கட்டி, ஆறு கால் வைக்க வேண்டும். வெளிநாட்டில் ட்ரவுட் என்றொரு ஆற்றுமீன் அதை உயிருள்ள வண்டு என்று நம்பி விழுங்குமாம். அந்த மீனைப் படத்தில்தான் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமைக்குள் வீட்டில் பத்து வண்டு கட்டிக் கொடுக்க வேண்டும். சரிவந்தால் பழக்குகிற கம்பனியில் நிரந்தர வேலை. என் கணவருக்குச் சொந்தப் படகு இல்லை. அடுத்தவர் படகில் ஆள் குறைந்த நாளில்தான் அவருக்குக் கடல். அந்த வேலை எனக்குக் கிடைத்தே ஆகவேண்டும்.

வண்டு கட்டத் தந்த தூண்டில்களை அவரிடம் காட்டினேன். நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்க வேண்டிய சின்ன முள் ஒன்றிலும் இல்லை. முள் இல்லாவிட்டால் மீன் கழன்று போய்விடும் என்பது எங்கள் ஊர்ப் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

"உது கழிவுச் சாமான். பிறகு பிழையை உன்ர தலையில போடுவினம்," என்றார்.

சொன்னதோடு நிற்காமல் அத்தனையையும் கடலில் எறிந்தார். படகு கிடைக்காத நாளில் கறிக்கு மீன் பிடிக்கவென்று தகரப் பேணியில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பத்துச் சின்னத் தூண்டிலை எனக்குத் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பழக்க வந்த அக்கா வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வண்டாகத் திருப்பிப் பார்த்தார்.

"வண்டு வடிவாயிருக்கு. ஏன் முள் இருக்கு? நாங்கள் தந்த தூண்டில் எங்க?"

"முள் இல்லாட்டி மீன் போயிடுமே, அக்கா."

"போகத்தான் வேணும். அந்த நாட்டுக்காரர் பிடிச்சுப் பார்த்திட்டுத் திரும்ப ஆத்தில விடுறவை. முள்ளிருந்தால் மீன்ர வாய் கிழிஞ்சுபோம்."

நான் முழித்தேன். தின்னவும் இல்லை, விற்கவும் இல்லை. பிறகு என்ன இழவுக்குப் பிடிக்கிறார்கள்? வேறு தூண்டில் கைவசம் இல்லை என்றும், இந்த முள்ளுகளை நசுக்கித் திங்கட்கிழமை கொண்டுவந்தால் எடுப்பதாகவும் அக்கா சொன்னார்.

வீட்டுக்கு நடக்கும்போது எறிந்தவர் மேல் கோபம். தன்னுடையதைத் தந்தவரும் அவர்தான். அதை நாசமாக்கச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பது?

கேட்டேன். "பிடிச்சு விடுறதோ?" என்று மூன்று தரம் கேட்டார். "விசரரோ?" என்றார். அவர்களுக்குப் பைத்தியமோ என்று எனக்கும் சந்தேகம்தான். பிறகு குறடு கொண்டுவரச் சொன்னார். வண்டின் கால் நசியாமல், ஒவ்வொரு முள்ளாக நசுக்கினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று இன்றும் விளங்கவில்லை.

பத்தாவதை விரலால் தடவிப் பார்த்தார்.

"இனி இதில ஒண்டும் நிக்காது," என்றார். "திங்கட்கிழமை நேரத்தோட போ."