முப்பத்தைந்து தொன்னும் ஒரு மதகும்

வியாழக்கிழமை, காலை 6.30. திருகோணமலை உட்துறைமுக வீதியோரம் இருந்த இயந்திர முற்றத்திலிருந்து புறப்பட்டோம். லொறியின் பின்னால் இழுபடும் நீண்ட தாழ்தட்டின்மேல் எங்கள் குளக்கட்டைக் காப்பாற்ற வேண்டிய பெக்கோ என்ற மண் அகழும் இயந்திரம் சங்கிலிகளால் கட்டப்பட்டிருந்தது. பெக்கோ இருபது தொன். லொறியையும் தட்டையும் சேர்த்தால் முப்பத்தைந்துக்கு மேல்.

நான் வவுனியாப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் விவசாயிகள் அமைப்புச் செயலாளர். அதற்கு முன் முப்பது வருடம் பள்ளிக்கூட ஆசிரியை. மார்கழி மழையில் எங்கள் குளக்கட்டு நடுவில் கசியத் தொடங்கியது. வவுனியாவில் இருந்த பெக்கோக்கள் எல்லாம் வேறு குளங்களில் நின்றன. திருகோணமலையில் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டுத் திங்கட்கிழமையே வந்துவிட்டேன். இயந்திரம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. அதைக் கொண்டுபோகும் அனுமதிக்கு மூன்று நாள் பிடித்தது. கிழக்கு மாகாணத்தில் புறப்பட்டு, வடமத்திய மாகாணத்தைக் கடந்து, வடமாகாணத்துக்குள் நுழையவேண்டும். முதற் கந்தோரில் இரண்டாவது கந்தோரின் ஒப்பத்தைக் கேட்டார்கள். இரண்டாவது கந்தோரில் முதலாவதின் ஒப்பத்தைக் கேட்டார்கள். குளம் கசிகிறது என்று சொன்னேன். "அதுக்கு நீர்ப்பாசனத்துக்குப் போங்கோ" என்றார் ஒருவர், தலை நிமிராமலே.

லொறியை ஓட்டியவர் கிண்ணியாவைச் சேர்ந்த றிஸ்வான், நாற்பது வயதிருக்கும். பெக்கோவை இயக்குபவர் அன்புவழிபுரத்துச் செல்வம். மூவரும் முன்னிருக்கையில் நெருக்கி இருந்தோம். மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் றிஸ்வான் போகவில்லை. அவசரப்படுத்த வாயெடுத்தேன். கண்ணாடியில் அவர் ஒவ்வொரு சங்கிலியாகப் பார்ப்பதைக் கண்டதும் நானும் சங்கிலிகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

காலை 8.10. பன்குளத்தைத் தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அனுமதிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்த உத்தியோகத்தர், லொறியின் வரிப்பத்திரம் கிழக்கு மாகாணத்தது, தட்டின் வரிப்பத்திரம் வடமத்திய மாகாணத்தது, இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடலாம் என்று சிங்களத்தில் கேட்டார். எங்கே பதிந்தாலும் நாடு முழுக்கச் செல்லும் என்று றிஸ்வான் பணிவாகச் சொன்னார். மேலிடத்தில் கேட்கவேண்டுமாம். மேலிடம் கூட்டத்தில் இருந்ததாம்.

எதிர்க்கடையில் பிளேன்ரீ அறுபது ரூபாய். மூன்று தரம் குடித்தோம். அதற்குள் மணல் ஏற்றிய டிப்பர்கள் பதினொன்றை எண்ணினேன். விளிம்புக்கு மேல் மணல் குவிந்து, ரயர்கள் பிதுங்கிப் போயின. ஒன்றையும் மறிக்கவில்லை.

"இவங்களுக்குப் பாரம் இல்லையோ தம்பி?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்ச பாரம் அக்கா. நாங்கதான் தெரியாத பாரம்" என்றார் றிஸ்வான்.

11.05க்கு எங்கள் அமைப்பின் தலைவர் தொலைபேசியில் அழைத்தார்.

"ரீச்சர், எங்க நிக்கிறியள்?"

"இன்னும் திருகோணமலை மாவட்டம் தாண்டேல்லை."

"இனிப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. கட்டு உடைஞ்சா ஊரே போயிடும். மேலதிகத் தண்ணி வழியிற வான் பக்கத்தை வெட்டித் தண்ணியை விடப்போறம். கீழ்வயல் எட்டு ஏக்கரும் தாழும். உங்கட ரெண்டு ஏக்கரும் அதுக்குள்ளதான்."

"வெட்டுங்கோ" என்றேன்.

கதிர் வெளிவரும் பருவத்து நெல். வேறென்ன சொல்லலாம்? கைபேசியைப் பைக்குள் வைத்தேன். 11.20க்கு மேலிடம் கூட்டம் முடிந்து வந்தது. போகலாமாம். எங்கள் பத்திரங்களில் தவறு இல்லையாம். மன்னிப்பு என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை.

பகல் 11.50. பிரதான வீதியின் ஓரம் மழையில் அரித்துப் போயிருந்ததால், எங்கள் அனுமதியில் ஓர் உள்வீதி எழுதப்பட்டிருந்தது. அந்த வீதியால் மட்டுமே போகவேண்டும், விலகினால் அனுமதி செல்லாது. அதில் இரண்டு கிலோமீற்றர் போனதும் ஓர் ஓடையும் அதைக் கடக்கும் சிறு பாலமாக ஒரு பழைய மதகும் வந்தன. றிஸ்வான் லொறியை நிறுத்திவிட்டு இறங்கினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் போய் மதகின் அடியைப் பார்த்தார். நானும் கரையிலிருந்து குனிந்து பார்த்தேன். நடுவில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு. உள்ளே கம்பி கறள் பிடித்துத் தொங்கியது. எத்தனை தொன் தாங்கும் என்று சொல்ல ஒரு பலகையும் இல்லை.

"இதுக்கு மேலால நான் ஏத்தமாட்டன் அக்கா."

அனுமதியில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். மதகு வெடித்திருக்கிறது, வேறு பாதை தாருங்கள் என்றேன். பாதையை மாற்றுவதென்றால் புதிய விண்ணப்பம் போடவேண்டும் என்றது மறுமுனை.

"மதகை யாராவது வந்து பாத்தவையோ?"

"படிவத்தில அப்படி ஒரு கேள்வி இல்லை."

எங்கள் அச்சுக்களை எண்ணினார்கள், அகலத்தை அளந்தார்கள், வரிப்பத்திரங்களின் மாகாணத்தைப் பார்த்தார்கள். பாரம் கடக்க வேண்டிய மதகை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளை அதட்டியவள் நான். அன்றைக்கு யாரை அதட்டுவதென்று தெரியாமல் கைபேசியை அணைத்தேன்.

செல்வம்தான் வழி சொன்னார். "தண்ணி முழங்கால் அளவுதான். நான் பெக்கோவை இறக்கி ஓடையால கொண்டு போறன். வெறும் லொறி மெல்லமா மதகால வரட்டும்."

அப்படியே செய்தோம். பெக்கோ சேற்றை அளைந்து அக்கரையேற முக்கால் மணித்தியாலம் ஆனது. பிறகு வெறும் லொறி ஊர்ந்து வந்தது. மதகிலிருந்து ஒரு சீமெந்துக் கட்டி கழன்று ஓடைக்குள் விழுந்ததை மூவரும் கண்டோம்.

அக்கரையில் இயந்திரத்தை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்த பொலிஸ்காரர், இரும்புச் சங்கிலிச் சில்லுள்ள இயந்திரத்தை வீதியில் இறக்கியது குற்றம் என்று தண்டப் பத்திரம் எழுதினார். றிஸ்வானின் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். மதகைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். "அது எங்கட வேலை இல்லை" என்று அவர் சொன்னதை றிஸ்வான் எனக்குத் தமிழில் சொன்னார்.

மாலை 5.40க்கு ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டு நின்றது. கீழ்வயல் எங்கே என்று தெரியவில்லை, ஒரே தண்ணீர். செல்வம் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பெக்கோவைக் கட்டுக்கு ஏற்றினார். மூன்றாம் நாள் கசிவு நின்றது. குளமும் ஊரும் தப்பின. எட்டு ஏக்கர் நெல் அழுகியது. காலையிலேயே இயந்திரம் வந்திருந்தால் வானை வெட்டியிருக்கத் தேவையில்லை என்று வந்த அன்று மாலை தலைவர் சொன்னபோது, றிஸ்வான் தான் குற்றம் செய்தவர்போலத் தலை குனிந்து நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை தண்டத்தைக் கட்டி அவருடைய அனுமதிப்பத்திரத்தை மீட்க நானும் சுற்றுவழிப் பஸ் ஒன்றில் திருகோணமலைக்குப் போனேன். மதகைப் பற்றி நான்கு பக்கக் கடிதம் எழுதி, அனுமதி தந்த கந்தோரில் கொடுத்தேன். திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். றிஸ்வான் பஸ் நிலையம்வரை வந்து வழியனுப்பினார். "அடுத்த முறை குளம் கசியமுந்தி எங்களைக் கூப்பிடுங்க அக்கா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிற்பகல் 1.15 வவுனியா பஸ். ரிக்கற் முன்னூற்றெண்பது ரூபாய். பிரதான வீதி இன்னும் திருத்தப்படாததால் பஸ்ஸும் அதே உள்வீதிக்குத் திரும்பியது. நெருக்கி நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போய்ச் சாரதியிடம் சொன்னேன்: "தம்பி, முன்னால இருக்கிற மதகு வெடிச்சுப் போச்சு. நான் என்ர கண்ணால பாத்தனான்."

"தெரியும் அம்மா. ஆனா திருத்தி முடியுமட்டும் இந்தப் பாதையாலதான் போகச் சொல்லி எழுத்தில தந்திருக்கினம். வேற பாதையால போய்ப் பிடிபட்டா என்ர வேலை போயிடும்."

எங்கள் ஊரில் வாய்க்கால் மதகு ஒன்று வெடித்தபோது, கண்டவர் யாரோ உடனே குறுக்கே மரக்குற்றியைப் போட்டு உழவு இயந்திரங்களை மறித்தார். திருத்தும்வரை அது அங்கேயே கிடந்தது. அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"அப்ப என்னை இறக்கிவிடுங்கோ" என்றேன்.

மதகுக்கு இப்பால் பஸ் நின்றது. நான் இறங்கினேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இருபது பேராவது இறங்கினார்கள். பாரம் குறைந்த பஸ் மெல்ல ஊர்ந்து அக்கரைக்குப் போனது. மதகின் ஓரம் பிடித்து நாங்கள் நடந்தோம்.