எண்பது ரூபாய் மாப்பிள்ளை

தங்கத்தின் கல்யாணத்துக்குப் பந்தோபஸ்து டியூட்டி என்று தன் பெயருக்கே ஆர்டர் வந்ததும், ராஜரத்தினத்துக்குத் தொப்பியைக் கழற்றி ரோட்டில் வீசலாம் போல ஆத்திரம் வந்தது. வீசினால் சர்க்கார் அதற்கும் சம்பளத்தில் பிடிக்கும்.

மயிலாப்பூரில் சப் இன்ஸ்பெக்டர். முப்பது வயசு. மந்தைவெளியில் அம்மா இசக்கியம்மாளோடு ஒண்டுக்குடித்தனம். நாலு மாசம் முன்னால்தான், தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தனபாலன் அண்ணாச்சியின் மகள் தங்கத்தைப் பெண் பார்த்துவிட்டு வந்தான். காப்பியைக் கொடுத்துவிட்டு அவள், "துப்பாக்கியெல்லாம் சுடுவீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாளே, அதோடு ஆள் காலி! அவளுக்கும் பிடித்துப்போச்சு என்று அவள் சித்தியே வந்து சொன்னாள். தேதி குறிப்பதுதான் பாக்கி என்று நம்பிக்கொண்டிருந்தான் பாவி மனுஷன்.

மறுவாரம் அண்ணாச்சி கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். இன்னொரு வரனும் வந்திருக்கிறதாம். மராமத்து இலாகா எஞ்சினீயர். சம்பளம் நூற்றைம்பது.

"உங்களுக்கு எவ்வளவு தம்பி?"

"எண்பது, அண்ணாச்சி. பஞ்சப்படி தனி."

"அட, சம்பளம் கெடக்கட்டும். போலீஸ்ல யாரு சம்பளத்தைப் பார்க்கா? மேல எவ்வளவு வரும்? கூச்சப்படாம சொல்லுங்க."

"மேல ஒண்ணும் வராது. நான் வாங்குறதில்லை."

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எஞ்சினீயர் வீட்டுக்குக் காண்ட்ராக்டருங்களே அரிசி மூட்டை அனுப்புறாங்களாம். உலகச் சண்டை முடிஞ்சும் ரேஷன்ல நிக்கிற காலத்துல!" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் ஷரீஃப் தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா சார் நீங்க! நல்லா வந்துக்கினு கீதுன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா கொறஞ்சா பூடும்?"

உண்மையைச் சொன்னதற்கு ஊரே திட்டுகிறது. இது என்ன நியாயம் ஐயா?

லஸ்ஸில் ஒரு பங்களாவில் கல்யாணம். யாரோ திவான்பகதூர் வருகிறாராம், அதற்குத்தான் பந்தோபஸ்து. காலையிலிருந்து வாசல் வெயிலில் நின்றான் ராஜரத்தினம். முகூர்த்தம் முடிந்து எஞ்சினீயர் மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் கிளம்பியபோது, ஜட்கா வண்டிகளை நிறுத்தி வழிவிட்டவனும் அவன்தான். தங்கம் தலை நிமிரவேயில்லை. அப்போதும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றான், கார் திரும்ப வேண்டுமே.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி தாம்பூலப் பையோடு வந்தார். பையைக் கொடுக்கும் சாக்கில் மடித்த பத்து ரூபாய் நோட்டு ஒன்றை அவன் உள்ளங்கையில் திணித்தார்.

"வச்சுக்கிடுங்க தம்பி. பாவம், வெயில்ல நின்னிருக்கீங்க."

ராஜரத்தினம் நோட்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"இதை வாங்கமாட்டேன்னு சொன்னதுக்குத்தானே அண்ணாச்சி, பொண்ணைத் தரமாட்டேன்னீங்க?"

நோட்டை அவர் கையிலேயே திருப்பி வைத்தான். தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டான். கல்யாணத்துக்குப் போனாயே, என்ன கொடுத்தார்கள் என்று வீட்டில் அம்மா கேட்பாள்.