திலகா ஊதி அணைத்த விளக்கு

திலகாவுக்கு நெருப்பென்றாலே குலை நடுங்கும். தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு அம்மாவின் சேலையைப் பற்றிக்கொண்டதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பத்தாங் பெர்ஜுந்தாயில் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகும், அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு கால் ஓடத் தயாராகப் பின்னால் நிற்கும். கேஸ் தோங், அதாவது சிலிண்டர், ஏற்றும் லோரி ஓட்டும் கணவன் புவனேசனுக்கு அது தினமும் கேலி.

"மண்ணெண்ணெய், பெட்ரோல், கேஸ் எல்லாம் ஒரே வம்சம்லா. கரியும் ஹைட்ரஜனும் சேந்த ஹைட்ரோகார்பன். அது இல்லாட்டி லோரியும் ஓடாது, சோறும் வேகாது. கசிஞ்சா தரையிலதான் தவழும், காத்தைவிட கனம். அதுக்குன்னு வாசனை கெடையாது, நமக்குத் தெரியத்தான் நாத்தத்தைக் கலக்குறாங்க. மூக்கு இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்?"

மூக்குதான் இல்லை. கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு மல்லிகையும் கருவாடும் ஒன்றுதான். சமையலில் எடுத்த நல்ல பேர் போய்விடுமே என்று வீட்டில்கூட மூச்சு விடவில்லை. வீம்புக்காரி.

அந்த வெள்ளிக்கிழமை அந்தியில் புவனேசன் அவசரமாகப் புதுத் தோங்கை மாட்டிவிட்டுக் கடைக்குப் போனான். திலகா கொசுவுக்காகக் கதவு சன்னலைச் சாத்தினாள். கூடத்துத் தரையில் குத்துவிளக்கை ஏற்றினாள். தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, தூபக்காலோடு அடுக்களைப் பக்கம் நடந்தாள்.

அறையிலிருந்து வந்த மகள் மாதவி மூக்கைப் பொத்தினாள். "ம்மா, என்னவோ நாறுது."

"சாக்கடை அடைச்சிருக்கும்."

"இல்லம்மா, கேஸ்!" மாதவியின் கை காற்றாடி சுவிட்சுக்குப் போயிற்று.

"தொடாதே!" சுவிட்சில் தெறிக்கும் ஒரு பொறி போதும். திலகா அலறிக்கொண்டே வாசல் கதவைத் திறந்து, தூபக்காலை மகள் கையில் திணித்து வெளியே தள்ளினாள். "தூரமா ஓடு!"

திரும்பினால், தரையோடு தரையாக விளக்கு எரிகிறது. வாயால் ஊதி அணைத்தால் குடும்பத்துக்கு ஆகாது, பூவால்தான் குளிரவைக்க வேண்டும். பூவோ அடுக்களையில் இருந்தது.

"தாயே, மன்னிச்சிரு." குனிந்து ஊதினாள். வீடு வெடிக்கப்போகிறது என்றே கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றாள். பிறகு எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

புவனேசன் வந்து தோங்கை மூடினான். அவன் மாட்டிய ரெகுலேட்டர் தலைதான் சரியாக உட்காரவில்லை. முகம் வெளிறிப்போய்க் கேட்டான்: "உனக்கு நாத்தம் அடிக்கலையா?"

"எனக்கு எதுவுமே மணக்காதுங்க," என்று சொல்லி அழுதாள்.

இப்போதெல்லாம் மாதவி அடுக்களையை மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் திலகா தீக்குச்சியைக் கிழிப்பாள். மாதவி பள்ளி முகாமுக்குப் போயிருந்த வெள்ளிக்கிழமை, சாமி இருட்டிலேயே இருந்தது.