போடக் கூடாத பாட்டு

அவரை எல்லோரும் 'சவுண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வரவேற்புகளுக்கு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவர் என்பதால் வந்த பெயர். மற்றபடி மனிதர் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே காதில் விழாது. மைக் கரகரத்தால் மண்டபமே திரும்பி முறைக்கும். அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போகிற பிழைப்பு. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இவரைவிடப் பெரிய ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் உண்டு. ஆனாலும் ஜனங்கள் இவரையே தேடி வந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. மற்றவர்கள், என்ன பாட்டு வேண்டும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லப் பத்துப் பேர் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள், பதினோராவது ஆள் கோபித்துக்கொண்டு போவார். இவரோ பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் என்று தனித்தனியாக ஓரமாகக் கூட்டிப்போய், எந்தப் பாட்டைப் போடக் கூடாது என்று கேட்பார். முதலில் விழிப்பார்கள். பிறகு தயங்கித் தயங்கி வரும். தாத்தா ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிய பாட்டு. நிச்சயமாகி நின்றுபோன முந்தைய மாப்பிள்ளை அனுப்பிய பாட்டு. ஏன் என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே பாதிப் பேர் சொல்லி அழுதுவிடுவார்கள், அது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவருடைய மகளுக்கே கல்யாணம் நிச்சயமானது. கடையின் பின்னறையில், சுருட்டி வைத்த கேபிள்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவள் பாட்டுப் பட்டியலை நீட்டினாள். முதல் வரியிலேயே அது இருந்தது. விசில் சத்தத்தோடு ஆரம்பிக்கும் ஒரு துள்ளல் பாட்டு. செத்துப்போன அண்ணனுடைய பாட்டு.

"அந்தப் பாட்டு போட்டாதான்ப்பா நான் மண்டபத்துக்குள்ள காலடி எடுத்து வைப்பேன்."

"அது வேண்டாம்மா. அம்மா தாங்க மாட்டா."

சொன்னது பொய். பொய் சொல்லத் துணிகிறவன் அடுத்த பொய்யையும் கையோடு வைத்திருக்க வேண்டும். இவருக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. மகள் நேராக வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டுவிட்டாள். சாயங்காலம் இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"என்னைச் சாக்கு சொல்லாதீங்க. போடுங்க. நான் அழ மாட்டேன். அழுதாத்தான் என்ன, நம்ம புள்ளைக்கு நாம அழுவுறோம்."

அதற்கு மேல் ஒளிந்துகொள்ள அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

நடந்தது இதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வரவேற்பு. மைக் கேபிளை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டார். பையனுக்குப் போன் போட்டு எடுத்துவரச் சொன்னார். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கே வருகிறான் என்று கேட்க மறுபடி கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். அப்பா கூப்பிட்டால் மட்டும் அடிக்கும்படி பையன் அந்த விசில் பாட்டை வைத்திருந்தான். வேறு யார் கூப்பிட்டாலும் அலட்சியமாக விடுகிறவன், அந்தப் பாட்டு கேட்டால் எடுத்துவிடுவான். ஐந்தாவது தரம் எடுத்தது யாரோ ஒரு ஆள். நாற்சந்தியில் டயர் கடை வைத்திருப்பவர்.

அந்தக் கடைக்காரர்தான் பிற்பாடு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பையன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, இன்னொரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுத் துழாவியபடியே வந்தானாம். லாரி திரும்பியதைப் பார்க்கவில்லையாம். லாரி மோதியது என்பது வீட்டுக்குத் தெரியும். சட்டைப் பைக்குள் இருந்த கை இவருக்கு மட்டும்தான் தெரியும். அதை நெஞ்சுக்குள்ளேயே போட்டுப் பூட்டி, தினமும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார்.

வரவேற்புக்கு முன்னால் தப்பிக்க என்னென்னவோ செய்து பார்த்தார். பாட்டு இருந்த பைல் கெட்டுப்போயிற்று என்றார்; மகள் தன் போனிலிருந்து அனுப்பினாள். தொழில்கார நண்பரை வரச் சொல்கிறேன் என்றார். அப்பா இருக்கும்போது வேறு ஆளா என்று மகள் முகம் சுண்டிப்போனாள். உண்மையைச் சொல்லவும் நாலு தரம் வாயைத் திறந்தார். கல்யாணக் களை வந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தத் தகப்பன் சொல்வான்?

அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. வாசலில் மகள் மாப்பிள்ளையோடு வந்து நின்றதும் இவர் பட்டனை அழுத்தினார். விசில் கிளம்பியது. ஜனங்கள் கைதட்டினார்கள். இவர் மட்டும் மிக்சர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி அழவில்லை. மேஜைக்கு முன் வரிசையில் சம்பந்தியம்மாவோடு உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அப்படி ஒரு தெளிச்சியை அந்த முகத்தில் அவர் பார்த்ததில்லை. பாட்டையும் மீறிக் கேட்க வேண்டுமென்று அவள் உரக்கவே பேசினாள்.

"எங்க பையன் பாட்டுங்க இது. அப்பா கூப்பிட்டா அடிக்கட்டும்னு வெச்சிருந்தான். அவன் போன அன்னிக்கு இவரு அஞ்சு தடவ கூப்பிட்டிருக்காரு. போலீஸ் குடுத்த போன்ல நானே பார்த்தேன். ஏதோ ஆகப்போகுதுன்னு பெத்த மனசுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. இத நான் கேக்காதவங்ககிட்டக்கூட சொல்லுவேன்."

சம்பந்தியம்மா திரும்பி இவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். இவரும் கும்பிட்டார்.

பாட்டு முடிவதற்குள் மகள் மேடை ஏறியிருந்தாள். அங்கிருந்தே அப்பாவைப் பார்த்துச் சிரித்து, விரலைச் சுழற்றி, இன்னொரு தரம் போடச் சொல்லிக் காட்டினாள்.

அவர் போட்டார்.