பொந்துக் கட்டைக்குக் காவல்

தபால் வேனின் எஞ்சினைக்கூட அணைக்காமல் இறங்கி, சாலையோரக் காட்டில் குனிந்து, வெர்னா பெக்விட் ஒரு கட்டைக்குள் எட்டிப் பார்க்கிறார். என்றோ விழுந்த வாண்டூ என்ற யூகலிப்டஸ் வகை மரம்; நடுவே கறையான் குடைந்த பொந்து. விரலால் இரண்டு தட்டு. "இருக்கியாடி?" பதில் வராது. அடுத்த பண்ணைக்கு வண்டியை எடுப்பார். கடிதம் தாமதம் என்று யாராவது குறைபட்டால், "ஏன், உன் கரண்டு பில்லு கோவிச்சுக்கிட்டுப் போயிடுமா?" என்பார்.

அறுபத்திரண்டு வயது. கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டிருக்கிறார். தபாலுக்கும் பொந்துக்கும் அதுதான் தோதாம்.

அவர் தேடுவது நம்பட் என்ற சிறு விலங்கை. பெரிய அணில் அளவு. செம்பழுப்பு முதுகில் வெள்ளைப் பட்டைகள். கங்காருவுக்குத் தூரத்து உறவு, ஆனால் பை கிடையாது. குட்டிகள் தாயின் வயிற்றில் காம்பைக் கவ்வித் தொங்கும். பகலில் கறையான் தின்னும்; இரவில் பொந்துக்குள் உறங்கும். எதிரி வந்தால் தன் தடித்த பின்புறத்தால் வழியை அடைத்துக்கொள்ளும்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் சின்னம் அது. எங்கள் ஊர்க் கால்பந்துக் குழுவுக்கும் அதன் பெயர்தான். அந்தக் குழு ஒவ்வொரு குளிர்காலமும் நிதி திரட்ட ஒரு டிரெய்லர் விறகைக் குலுக்கல் சீட்டுக்குப் பரிசாக விடுகிறது. விறகு இந்தக் காட்டுடையது. தொப்பியில் நம்பட் படம், கையில் நம்பட்டின் வீட்டை அறுக்கும் ரம்பம்! வெர்னா மூன்று கூட்டங்களில் எழுந்து பேசினார். மூன்று முறையும் தேநீர் இடைவேளை அறிவித்தார்கள்.

போன வெள்ளிக்கிழமை, உறைபனி கலையாத காலையில், குழுச் செயலாளர் க்ளைவ் அதே கட்டைமேல் காலை ஊன்றி நின்றிருந்தார்.

"கால எடு, க்ளைவ்."

"ஆரம்பிச்சிட்டியா! கீழ கிடக்கிற குப்பைதானே வெர்னா? பொந்து விழுந்ததுதான் தூக்க லேசு. நல்லாவும் எரியும்."

"உன் வீடுகூடத்தான் நல்லா எரியும். பத்த வச்சுப் பாக்கலாமா?"

"உள்ள ஒண்ணுமில்ல. உதைச்சுப் பாத்துட்டேன்."

"கதவ எவனாவது உதைச்சா நீ வெளிய வருவியா?"

வெர்னா டார்ச்சை அடித்தார். ஒரு முழ ஆழத்தில், வழியை அடைத்தபடி செம்பழுப்பு ரோமம். குட்டிகள் வயிற்றில் தொங்கும் மாதம் அது.

க்ளைவும் குனிந்து பார்த்தார். "அட, இருக்கே! சரி, ரம்பச் சத்தம் கேட்டா தானா ஓடிடும்." கையிலிருந்த மோட்டார் ரம்பத்தின் கயிற்றைச் சுண்டினார். ரம்பம் உறுமியது.

வெர்னா பனித்தரையில் உட்கார்ந்து, பின்னுக்கு நகர்ந்து, பொந்தின் வாயைத் தன் முதுகால் அடைத்தார். பிறகு தோள்பையிலிருந்து தபால் கத்தையை எடுத்து மடியில் பிரித்து, விலாசம் பார்த்து அடுக்கத் தொடங்கினார்.