நாக்கால் பார்த்த ஊர்கள்

றெயில் பஸ்ஸுக்குள் ஏறியதும் முதலில் வருவது டீசல் மணம். அதற்குப் பின்னால், வெயிலில் வெந்த றெக்சின் இருக்கைகளின் மணம். இரண்டு பஸ்களை முதுகோடு முதுகாகச் சேர்த்து, டயர்களைக் கழற்றிவிட்டு, இரும்புச் சில்லுப் பூட்டித் தண்டவாளத்தில் ஓடவிட்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மட்டக்களப்பு ஸ்டேசனிலிருந்து அது கிளம்பும்போது ஜன்னல்கள் எல்லாம் காய்ச்சல்காரனின் பல்லைப்போல் நடுங்கும், மற்றப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள், நானோ ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருப்பேன். நானும் அம்மாவும் சனிக்கிழமைகளில் அதில் போனது உல்லாசத்துக்காக அல்ல. நாங்கள் குடிபெயர்ந்து போக ஓர் இடம் தேடித்தான்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. மூத்தவளுக்குக் கல்யாணம் என்றால் தாய் குடியிருக்கும் வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளும் வேறிடம் பார்த்துப் போய்விடுவார்கள். அம்மாவுக்கும் அந்த வீடு அப்படித்தான் வந்தது, அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. அக்காவுக்கு ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயித்திருந்தார்கள். கோட்டைமுனையில் இருந்த எங்கள் வீடு ஆவணியோடு அக்காவின் வீடாகிவிடும். எனக்குப் பதினொரு வயது. நான் படுக்கும் மூலை, முற்றத்து ஜாம்பழ மரம், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் பதில் சொல்லும் என் சிநேகிதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கேயோ போகப் போகிறோம் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது. அது எங்கே என்று எவருக்கும் தெரியாததுதான் பெரிய பயம்.

டவுனுக்குள் காணி எங்கள் கைக்கு எட்டாது. அதனால் அம்மா றெயில் பாதையோரமாகத் தேடத் தொடங்கினார். அப்பாவுக்கு அரிசி ஆலையில் சனிக்கிழமையும் வேலை, அக்கா கல்யாணப் பெண், ஆகவே துணைக்கு நான். பெரிய றோட்டால் போனால் ஒவ்வோர் ஊரும் கடையும் கோயிலும் பள்ளிவாசலுமாக முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும்; தண்டவாளமோ ஊரின் பின்பக்கத்தால் போகும். குசினிப் புகை, கொடியில் காயும் உள்ளுடுப்புகள், கடலில் வீடிழந்தவர்களுக்கு ஒரே அச்சில் வார்த்துக் கொடுத்த சுனாமி வீடுகள், சண்டைக் காலத்தில் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஓடிவந்து திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர்களின் தகரக் கொட்டில்கள், ஏறாவூரில் தறிச் சத்தம் ஓயாத ஒடுங்கிய ஒழுங்கை எல்லாம் எனக்கு அப்படித்தான் அறிமுகமாயின. பிறந்ததிலிருந்து டவுனிலேயே இருந்த அம்மாவுக்கும் அவற்றில் பாதி புதிது. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு குறிச்சியில் இறங்கி, இங்கே காணி விற்பார்களா என்று முதலில் கண்ட பெண்ணிடம் கேட்பார். அந்தப் பெண் எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

வாவி ஓரத்தில் காணி பார்ப்பவர்கள் வேலியையும் காணி உறுதிப் பத்திரத்தையும் பிறகுதான் பார்ப்பார்கள்; முதலில் கிணறு. ஒரு வளவில், அதாவது ஒரு வீட்டு மனையில், "நல்ல தண்ணி" இருக்கும், பக்கத்து வளவில் சோறு வடிக்கவும் உதவாத "சவர்" இருக்கும். மெல்லிய சவர் வாயில் வைத்தவுடன் தெரியாது, விழுங்கிய பிறகுதான் நாக்கின் அடியில் உப்பாகக் கரிக்கும். அம்மாவோ ஓயாமல் வெற்றிலை போடுகிறவர். தன் நாக்குச் செத்துக் கனகாலம் என்று அவரே சொல்வார். ஆகவே போகுமிடமெல்லாம் வாளியில் அள்ளிய தண்ணீரை முதலில் எனக்குத்தான் நீட்டினார்கள். என் ஒரு சொல்லில் பெரியவர்கள் காணியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஆரம்பத்தில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, ஏனென்றால் முதல் ஐந்தாறு கிணறுகளும் உண்மையிலேயே சவர்தான்.

ஆனிமாதக் கடைசியில் ஒரு வளவுக்குப் போனோம். அந்தக் குறிச்சியின் பெயரை இங்கே எழுத மாட்டேன், அங்கே இருப்பவர்கள் இன்றும் எங்களுக்கு அயலவர்கள். வவுனியாவில் இருக்கும் தங்கச்சியிடம் போவதற்காக வளவை விற்க நின்ற யோகம் என்ற மாமி ஒருவர், சிமெந்து வளையம் இறக்கிய கொட்டுக் கிணற்றில் அள்ளிச் செம்பில் ஊற்றித் தந்தார். அம்மாவுக்கு வளவு பிடித்துப்போயிருந்தது. குசினி எங்கே வரும், அறை எங்கே வரும் என்று காலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்களாக அப்படிச் சிரித்த முகத்தோடு அவரை நான் கண்டதில்லை. அந்தச் சிரிப்பைக் கண்டதும், இங்கேதான் வரப் போகிறோம், எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. தண்ணீரைக் குடித்தேன். இளநீர்போல் இருந்தது.

"சவர், அம்மா" என்றேன்.

அம்மாவின் கால் அளந்த இடத்திலேயே நின்றுவிட்டது. "வடிவாக் குடிச்சுப் பாத்துச் சொல்லு, புள்ள. நாம இரிக்கப் போற இடம்."

இன்னொரு மிடறு குடித்துவிட்டு, சவர்தான் என்றேன். யோகம் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. தலைமுறையாகக் குடிக்கிற தண்ணி, குழந்தைக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ட புள்ள பொய் சொல்லாதுகா" என்றார்.

திரும்பி வரும்போது றெயில் பஸ்ஸில் நான் சத்தி எடுத்தேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அதன்பின் ஒவ்வொரு நாளும் யோகம் மாமி எங்கள் வாசலில் வந்து நிற்பதாக நினைத்து நினைத்துச் செத்தேன். இடம் கிடைக்காவிட்டால் போகவே தேவையில்லை என்பது என் கணக்கு. ஆவணி என் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அந்த வளவை வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, இனிப் பார்க்க நேரமில்லை, மேலே ஒரு கூரை இருந்தால் போதும் என்று அப்பா அகப்பட்டதை முடித்துவிட்டார். அதுவும் அதே குறிச்சிதான், தண்டவாளத்துக்கு மற்றப் பக்கம். சவர்க்காரம் நுரைக்காத அளவுக்குக் கிணறு சவர்.

குடிதண்ணீருக்கு எங்கே போவது என்று அயலில் விசாரித்தோம். தண்டவாளத்தைக் கடந்து ஆறேழு வளவு தள்ளி ஒரு கிணறு இருக்கிறது, இந்தப் பகுதி முழுக்க அங்கேதான் அள்ளுகிறது என்றார்கள். குடத்தோடு அம்மாவும் போத்தல்களோடு நானும் போனோம். நான் நாலு அடி பின்தங்கியே நடந்தேன். அதே கொட்டுக் கிணறு. நாலைந்து பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அம்மா அள்ளினார், ஒரு கை குடித்தார், என்னைப் பார்க்காமல் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை பெய்ஞ்சா கிணறு மாறும் போல" என்றார் கடைசியில்.

ஆனியிலிருந்து ஆவணிவரை அந்த வருடம் ஒரு துளி மழை பெய்திருக்கவில்லை. ஓம் என்று தலையாட்டினேன். அன்றிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை அம்மா நாளுக்கு இரண்டு தரம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தார். குடத்தை நான் வாங்கப் போனால் படிக்கிற பிள்ளை படி என்பார். ஏசியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். கேட்பார், கேட்பார் என்று பதின்மூன்று வருடம் காத்திருந்தேன். நானாகச் சொல்லவும் துணிவு வரவில்லை.

இப்போது அந்த றெயில் பஸ்ஸைக் காணோம். சுனாமி வீடுகளுக்கு மேல்மாடி ஏறிவிட்டது, தறி ஒழுங்கையில் பாதி வீடுகளில் சத்தமில்லை, யோகம் மாமியின் கிணற்றுக்குக் கம்பி வலை போட்டு மூடியிருக்கிறார்கள். எனக்கு வருகிற தையில் கல்யாணம். இந்த வீடு இனி என்னுடையது. வேண்டாம், நீங்களே இருங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் எப்படி என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். மூட்டு வலியோடு, குழாய் இன்னும் போய்ச் சேராத இடங்களில், குருக்கள்மடத்துப் பக்கம் ஏதோ காணி இருக்கிறதாம் என்று மறுபடி சனிக்கிழமைகளில் புறப்படுகிறார்.

போன கிழமை நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன். தண்ணீர் பார்க்க ஆள் வேண்டுமே என்றேன்.

அம்மா குடையை விரித்துச் சரிபார்த்து மடக்கினார். "நீ இரி, புள்ள" என்றார் மெதுவாக. "இந்தமுற நானே குடிச்சுப் பாக்கிறன்."

படலையைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.